தற்கொலை நடந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவது எப்படி: யூதச் சட்டத்திலிருந்து கற்றுக்கொண்டது

வெண்ணாற்றங்கரையில் ஒரு வீடு. வாசலில் பந்தல் இல்லை, சங்கு இல்லை, மேளம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வண்டி தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் நேரே சுடுகாட்டுக்குப் போய்விட்டது, ஏனென்றால் இது துர்மரணம், வாசலில் இறக்கக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பையனின் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கொடியில் கிடந்த அவனுடைய துண்டை மடியில் வைத்து, நான்காக மடிப்பார், பிரிப்பார், திரும்பவும் மடிப்பார். வந்தவர்கள் எல்லோரும் குனிந்து கேட்டது ஒரே கேள்விதான்: "என்னம்மா காரணம்?" நான் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் 14 பேர் அதைக் கேட்டார்கள், எண்ணிக்கொண்டே இருந்தேன், ஒருவரையும் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வெவ்வேறு மதங்கள் சாவை எப்படி நடத்துகின்றன என்று படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். தன்னுயிரை மாய்த்துக்கொள்வது பற்றி யூதச் சட்டம் சொல்வதை முன்பே படித்திருந்தேன், ஆனால் அந்தத் திண்ணையிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் அது யாருக்காக எழுதப்பட்டது என்று உறைத்தது. நம் டெல்டாவில் யூதர்கள் இல்லை, சரி. ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன, அங்கே போய் நிற்கத் தெரியாமல் நாம் நிற்கிறோம்.

இதைப் படிக்கும் உங்களுக்கே மனசு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம். இப்போதே 14416 என்ற எண்ணுக்கோ 104க்கோ போன் போடுங்கள், இரண்டும் இலவசம், தமிழில் பேசுவார்கள். இல்லையென்றால் பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்புங்கள்.

முதலில் சட்டத்தின் கனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடுமையை மழுப்பிவிட்டுப் போனால் பின்னால் வரும் கருணை வெறும் சமாதானப் பேச்சாகத் தெரியும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

யூதச் சட்டத்துக்கு ஹலாகா என்று பெயர். தன்னுயிரை மாய்த்துக்கொள்வதை அது கொலையோடு சேர்த்துத்தான் வைக்கிறது. நோவாவின் வெள்ளம் வடிந்த பிறகு கடவுள் சொல்லும் ஒரு வாக்கியம் ஆதியாகமம் 9:5இல் வருகிறது, உங்கள் உயிரின் இரத்தத்துக்கு நான் கணக்குக் கேட்பேன் என்று. யூத ஞானிகளின் பழைய சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதின் பாவா காமா பகுதியில் இந்த வசனம், ஒருவர் தன் கையாலேயே சிந்தும் தன் இரத்தத்துக்கும் சேர்த்துத்தான் என்று படிக்கப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்து எழுதிய மைமோனிதீஸ் இன்னும் நேராகச் சொல்கிறார்: தன்னைக் கொன்றுகொள்பவரும் இரத்தம் சிந்தியவர்தான், மனிதரின் நீதிமன்றம் அவரை ஒன்றும் செய்ய முடியாது, கணக்கு மேலே இருக்கிறது.

ஏன் இவ்வளவு கனம்? உயிர் நம் சொத்து இல்லை, அதுதான் காரணம். 16ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த ரப்பி (யூத மதகுரு) தாவீது இப்னு ஸிம்ரா இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். யூத நீதிமன்றத்தில் பண விஷயத்தில் ஒருவர் தானே ஒத்துக்கொண்டால் அது செல்லும், ஆனால் நான்தான் கொன்றேன் என்று ஒத்துக்கொண்டால் அதை மட்டும் வைத்து மரண தண்டனை கொடுக்க முடியாது. பணம் அவனுடையது, எடுத்துக் கொடுக்கலாம், உயிர் கடவுளுடையது, அதைக் கொடுக்க அவனுக்கு உரிமை இல்லை என்கிறார். மடத்து நிலத்தையும் கோயில் நிலத்தையும் குத்தகைக்கு உழும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூன்று தலைமுறையாக உழுதிருப்போம், வரப்பு ஒவ்வொன்றும் காலுக்குத் தெரியும், விளைந்த நெல் நம்முடையது, ஆனால் மண்ணை நாம் விற்க முடியாது.

அதே சட்டத்துக்கு மைமோனிதீஸ் சொல்லும் காரணம் எனக்கு இன்னும் பிடிக்கும். வலிய வந்து ஒத்துக்கொள்கிறவர் மனம் கசந்து சாவுக்காகக் காத்திருக்கும் ஆளாக இருக்கலாம், சாக வேண்டும் என்பதற்காகவே செய்யாததைச் செய்தேன் என்று சொல்லக்கூடும் என்கிறார். அவர் வெறும் சட்டம் படித்தவர் இல்லை, மருத்துவர். தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

அப்புறம், 'தெரிந்தே செய்தவர்' என்ற பெயருக்குள் யார் வருவார் என்று பாருங்கள்

பெரும்பாலும் யாருமே வருவதில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த இடம்தான்.

தல்மூதோடு சேர்த்து அச்சிடப்படும் செமாகோத் என்ற சிறுநூல் முழுக்க முழுக்கத் துக்கச் சட்டங்களைப் பற்றியது. அதன் இரண்டாம் அத்தியாயம், தெரிந்தே தன்னை அழித்துக்கொண்டவருக்காக உறவினர் தங்கள் துணியைக் கிழித்துக்கொள்ளும் சடங்கு இல்லை, புகழுரை இல்லை என்று கறாராகத் தொடங்குகிறது. உடனேயே யார் அந்த ஆள் என்று கேட்கிறது. சாகப் போகிறேன் என்று சாட்சிகள் முன்னால் சொல்லி, சொன்ன கையோடு, அவர்கள் கண் முன்னாலேயே செய்தவர்தான் அந்த ஆள். யாரும் பார்க்காமல் இறந்து கிடந்தவரை, பார்த்தால் எப்படித் தெரிந்தாலும் சரி, தெரிந்தே செய்தவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவருக்கு எதையும் மறுக்கக் கூடாது. இந்த அளவுகோலில் எத்தனை பேர் மாட்டுவார்கள்?

அடுத்து அந்த நூல் இரண்டு சிறுவர்களைப் பற்றிச் சொல்கிறது. லோத் ஊரில் ஒரு பையன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்துவிட்டான், அப்பா காதைக் காட்டி மிரட்டினார், பையன் பயத்தில் போய் உயிரை விட்டுவிட்டான். ரப்பி தர்போனிடம் கேட்டார்கள். எந்தச் சடங்கையும் குறைக்காதீர்கள் என்றார். ப்னேய் ப்ராக் ஊரில் இன்னொரு பையன், வேலை எதுவும் செய்யக் கூடாத ஓய்வுநாளில் ஒரு குப்பியை உடைத்துவிட்டான், அங்கேயும் அப்பா மிரட்டினார், அங்கேயும் அதே முடிவு. ரப்பி அகிவாவிடம் கேட்டார்கள், அவரும் அதையே சொன்னார். அத்தோடு சட்டம் நிற்கவில்லை. இந்த இரண்டு பிள்ளைகளை வைத்து ஒரு விதி செய்தார்கள்: குழந்தையை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று மிரட்டாதே, கண்டிப்பதானால் அப்போதே கண்டி, இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இரு.

நான் பள்ளிக்கூட வாத்தியார். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு முந்தின வாரம் எத்தனை வீடுகளில் "ரிசல்ட்டு வரட்டும், அப்புறம் இருக்கு உனக்கு" என்று சொல்லியிருப்போம், நாங்களும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இந்த அத்தியாயத்தைப் படித்த பிறகு சொல்வதில்லை. பெற்றோர் கூட்டத்தில் இந்த இரண்டு சிறுவர்களின் கதையைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது. வேதாகமத்தில் வரும் சவுல் மன்னன் போரில் தோற்று, எதிரி கையில் சிக்கினால் என்ன ஆகும் என்ற பயத்தில் உயிரை விட்டவர். ரப்பி யோசேப்பு காரோ தொகுத்து 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அரூக் சட்டநூல், சிறுவர்களுக்கும், சவுலைப் போல நெருக்கடியில் சிக்கியவர்களுக்கும் எந்த மரியாதையும் மறுக்கப்படாது என்கிறது. பின்னாளில் ரப்பி யெஹியேல் மிஹேல் எப்ஸ்டைன் (1829-1908) அரூக் ஹாஷுல்ஹான் நூலில் இதை அகலமாகவே திறந்துவிட்டார். பயமோ, வேதனையோ, புத்தி கலங்கியதோ, எது கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு, இவர் தெரிந்து செய்தவர் இல்லை என்றே முடிவுக்கு வரவேண்டும் என்கிறார்.

கவனியுங்கள், அவர்களும் "என்ன காரணம்?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். விடுவிப்பதற்காகக் கேட்டார்கள். அதுவும் தங்களுக்குள், ஏட்டைப் புரட்டிக்கொண்டு கேட்டார்கள், தாயின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்கவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் ரொம்பத் தாமதமாக இதே இடத்துக்கு வந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அதுவரை இதைக் குற்றமாக வைத்திருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பொதுவான குற்றமே இல்லை. ஊரில் இன்னும் பலர் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள், அவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

வீட்டுக்குப் போனால்

போங்கள். அதுதான் முதல் வேலை. போகலாமா, தீட்டா, என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

செமாகோத்தில் ஒரு பொது விதி இருக்கிறது: இறந்தவர் எப்படி இறந்திருந்தாலும், உயிரோடு இருப்பவர்களின் மரியாதைக்கானது எதுவோ அதைக் குறைக்கக் கூடாது. தெரிந்தே செய்தவர் என்று சந்தேகமில்லாமல் உறுதியான மரணத்திலும்கூட, ஊரார் இரண்டு வரிசையாக நிற்பார்கள், குடும்பத்தார் நடுவில் நடந்து வருவார்கள், ஒவ்வொருவரும் ஆறுதல் சொல்வார்கள். இறந்தவரைப் பற்றி என்ன பேசுவது என்பதில் ரப்பி இஷ்மவேலுக்கும் ரப்பி அகிவாவுக்கும் கருத்து வேறுபாடு. ஐயோ தன்னை அழித்துக்கொண்டானே என்று சொல்லலாம் என்றார் இஷ்மவேல். அகிவா, அவனை அவன் பாட்டுக்கு விடு, புகழவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம் என்றார். அந்த வீட்டில் வாய் திறக்குமுன் அகிவா சொன்னதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். "கோழை" என்று சொல்லாதீர்கள். "மானஸ்தன், அதான் போயிட்டான்" என்றும் சொல்லாதீர்கள், அந்தத் தெருவில் மனசு உடைந்து உட்கார்ந்திருக்கும் இன்னொரு பையன் காதிலும் அது விழும்.

நம் ஊர்ப் பெரியவர்கள் வாசலில் இறக்கக் கூடாது, பந்தல் வேண்டாம், கருமாதி சுருக்கமாகப் போதும் என்பார்கள். அங்கேயே எதிர்த்துச் சண்டை போடாதீர்கள், குடும்பத்துக்கு அது இன்னொரு ரகளையாகிவிடும். மூத்தவர் ஒருவரைத் தனியாக வாய்க்கால் பக்கம் கூட்டிப்போய், "மாமா, பையனுக்காக இல்லேன்னாலும் அவன் ஆத்தாளுக்காகச் செய்வோம், நாளைக்கு அவங்க இதே தெருவுலதானே நடக்கணும்" என்று கேட்டுப்பாருங்கள். உயிரோடு இருப்பவரின் மரியாதை என்றால் இறங்கி வருவார்கள், நான் பார்த்திருக்கிறேன். 13ஆம் நூற்றாண்டு பார்சிலோனாவில் ரஷ்பா என்று அழைக்கப்பட்ட ரப்பியும் இப்படித்தான் ஒரு கேள்விக்குப் பதில் எழுதினார், அடக்கமும் போர்த்தும் துணியும் யாருக்குமே மறுக்கக் கூடாதவை என்று.

உள்ளே போய் உட்கார்ந்தால், பேசாதீர்கள். யூதர்களின் ஷிவா என்ற ஏழு நாள் துக்கத்தில், துக்கக்காரர் முதலில் வாய் திறக்கும் வரை வந்தவர் பேசக் கூடாது என்பது தல்மூதின் விதி, வேதாகமத்தில் வரும் யோபுவின் கதையிலிருந்து எடுத்தது. யோபு பிள்ளைகளையெல்லாம் இழந்து உட்கார்ந்திருக்கிறார், மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் ஏழு இரவு தரையில் அவரோடு உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். வாய் திறந்ததும் ஒருவர், குற்றமில்லாமல் யார் அழிந்திருக்கிறார், நினைத்துப் பார் என்று ஆரம்பித்தார். கஷ்டத்தில் இருப்பவரிடம் யோபுவின் நண்பர்கள் பேசியது போலப் பேசாதே என்று தல்மூத் இதைத் தனியாகவே தடுக்கிறது. "கவனிக்கலையா? போனைப் பார்த்திருக்கலாமே? ரெண்டு நாளாவே முகம் சரியில்லையே?" எல்லாம் அந்த வகைதான்.

காரணம் தெரியாவிட்டால் தலை வெடித்துவிடாது. அந்தக் குடும்பம் அதை ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கும், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கும், பஞ்சாயத்தார் முன்னால் விசாரணையில் சொல்லியிருக்கும். கடன், காதல், மார்க்கு, குடி, குறுவை கருகியது என்று ஒற்றைச் சொல்லில் ஊர் முடிக்கப் பார்க்கும், நடந்தது ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காது. எப்படி நடந்தது என்பதையும் கேட்காதீர்கள், தெரிந்தாலும் வாட்ஸப் குழுவில் போடாதீர்கள், போட்டோ வந்தால் உங்களோடு நிறுத்தி அழித்துவிடுங்கள்.

கைவேலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேதப் பரிசோதனை, இறப்புச் சான்றிதழ், ஸ்டேஷனுக்கு இரண்டு நடை என்று நிறைய இருக்கும், கூடப் போக ஆள் வேண்டும். சாப்பாடு கொண்டுபோங்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று நாம் சொல்வதைப் போலவே யூதர்களிடமும், அடக்கத்துக்குப் பிறகு முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்ததாக இருக்கவேண்டும். அதில் மைசூர்ப் பருப்பு வழக்கம். மற்ற பயறுகளுக்கு வாய் மாதிரி ஒரு பிளவு உண்டு, இந்தப் பருப்புக்கு வாய் இல்லை, துக்கத்தில் இருப்பவருக்கும் வாய் இல்லை, அதனால் என்கிறது தல்மூத். இதைப் படித்ததிலிருந்து, துக்க வீட்டுக்கு எதைச் சமைத்து எடுத்துப் போனாலும் எனக்கு இந்த ஞாபகம்தான்.

உயிரோடு இருப்பவரிடம் மட்டும் கடுமையாக இருங்கள்

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம், திட்டச் சொல்லவில்லை. சட்டத்தின் கனமெல்லாம் எங்கே இறங்கவேண்டும் என்றால், ஒருவர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது நம் தலையில் இறங்கவேண்டும். உன் அயலானின் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே என்கிறது லேவியராகமம் 19:16. உயிரைக் காப்பாற்றுவதற்காக ஓய்வுநாளையே மீறலாம், ஆபத்து சந்தேகத்துக்குரியதாக இருந்தாலும் மீறலாம் என்கிறது தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு. ஓய்வுநாளில் விளக்கைக்கூடத் தொடாதவர்கள், மனசு உடைந்த ஒருவருக்காக அன்று போன் எடுப்பார்கள், கார் ஓட்டுவார்கள். இப்படிச் செய்யலாமா என்று ரப்பியிடம் போய்க் கேட்டுக்கொண்டு நின்றால்? தல்மூதின் இன்னொரு வடிவமான எருசலேம் தல்மூத் சொல்கிறது: விரைந்து செய்தவன் பாராட்டுக்குரியவன், கேட்டுக்கொண்டு நின்றவன் இரத்தம் சிந்தியவன், மக்கள் வந்து கேட்கும்படி வைத்திருந்த ரப்பிக்கு அவமானம், ஏனென்றால் அவர் இதை முன்பே ஊருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

ஆக, நேராகக் கேளுங்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று தெளிவாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பெரும்பாலும் கேட்டவுடன் அழுகை வரும், அந்த அழுகை நல்லது. ஆமாம் என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டுக்குள் இருக்கவே கூடாது, வேறு இடத்தில் பூட்டுங்கள், சாவி இன்னொருவர் கையில் இருக்கட்டும். 14416க்கு நீங்களே போட்டு அவர் காதில் கொடுங்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள், வெளியில் நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்பது அந்த நேரத்துக் கவலையே இல்லை.

உங்களால் முடியாமல் போய், அவர் இறந்துவிட்டால், அந்தக் கனத்தை அங்கேயே இறக்கிவையுங்கள். அவர் மேல் போடாதீர்கள், உங்கள் மேலும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பதினாறாம் நாளுக்கு அப்புறம்

யூதர்களிடம் ஏழு நாள் முடிந்தால் முப்பது நாள் என்று ஒன்று இருக்கிறது, அப்பா அம்மாவுக்கு என்றால் பதினோரு மாதம் தினமும் கதீஷ் என்ற பிரார்த்தனை சொல்வார்கள், வருடா வருடம் அந்த நாளில் விளக்கேற்றுவார்கள். நம் பக்கம் பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, நாற்காலியை வாடகைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனதும் தெரு காலியாகிவிடும். இப்படிப்பட்ட வீடு என்றால் அதற்கும் முன்னாலேயே காலியாகிவிடும். அப்போது போங்கள். காரணமே இல்லாமல் போங்கள், ஒரு படி உளுந்து கொடுக்க, ரேஷன் கடை திறந்துவிட்டது என்று சொல்ல.

நான் அந்த வெண்ணாற்றங்கரை வீட்டுக்கு மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறை ஒன்றும் பேசவில்லை, டீ கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது முறை திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கை அள்ளிக்கொண்டு உரிக்க ஆரம்பித்தேன். முறத்தில் பாதி சேர்ந்திருக்கும், அவர் தலை நிமிராமலேயே சொன்னார்: "உரிக்கிறப்பவே பச்சையா எடுத்துத் தின்னுடுவான் தம்பி, கடைசியில கொழம்புக்கு இருக்காது."